மூன்று வாரப் பெர்மிட்

அமுதவள்ளி ஒரு வீட்டுக்குப் புல் வெட்ட வந்தால் எடுத்த எடுப்பில் மெஷினைத் தொட மாட்டாள். லோரியை வாசலில் நிறுத்திவிட்டு, இடுப்பில் செருகிய சிவப்பு ரப்பியா பிளாஸ்டிக் கயிற்றுத் துண்டுகளோடு வீட்டைச் சுற்றி ஒரு நடை நடப்பாள். புல்லுக்கு நடுவிலோ வேலியோரத்திலோ யாரும் நடாமல் தானாக முளைத்த மரக்கன்று கண்ணில் பட்டால், குனிந்து அதன் தண்டில் ஒரு முடிச்சுப் போடுவாள். பிறகுதான் மெஷின் தோளில் ஏறும். நைலான் நரம்பு சுழன்று புல்லைச் சீவிக்கொண்டே போகும். கயிறு கட்டிய கன்றைச் சுற்றி மட்டும் ஒரு சாண் புல் அப்படியே நிற்கும். கிளம்பும்போது வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, இன்னின்னது வந்திருக்கிறது, வைப்பதா எடுப்பதா என்று அடுத்த முறை சொல்லுங்கள் என்பாள். அவள் ஒரு வீட்டுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறைதான் வருவாள். ஆக, எந்தக் கன்றுக்கும் மூன்று வாரம் ஆயுள் உறுதி. பெட்டாலிங் ஜெயாவில் அவள் வேலை பார்க்கும் இருபத்திரண்டு வீடுகளிலும் இதற்குப் பெயர் பெர்மிட். பெயர் வைத்ததும் அவள்தான்.

மற்றவர்களுக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. வந்தார்கள், சீவினார்கள், போனார்கள். கேட்டால் குப்பைச் செடி என்பார்கள். அமுதவள்ளிக்குக் குப்பைச் செடி என்ற பேச்சே பிடிக்காது. பெயர் தெரியாதவன் சொல்கிற பெயர் அது என்பாள்.

நாற்பத்தெட்டு வயது. பிறந்தது காப்பார் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில். அந்தத் தோட்டம் தொழிற்சாலையானதும் குடும்பம் மேருவுக்கு வந்தது. மூன்று வருடம் கையுறைத் தொழிற்சாலையில் நின்றாள். பிறகு சுங்கை பூலோவில் ஒரு நாற்றுப்பண்ணையில் ஒன்பது வருடம் ஒட்டுக் கட்டினாள். காலையில் உட்கார்ந்தால் இருட்டுவதற்குள் நூற்றைம்பது ஒட்டு. பண்ணை மூடியபோது, பழைய புல் வெட்டும் மெஷின் ஒன்றை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டாள். ஆரம்பத்தில் கேட்டைத் திறந்தவர்கள் எல்லாம் அவள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, ஆள் எங்கே என்றார்கள். ஆள் நான்தான் என்று சொல்லிச் சொல்லியே இரண்டு வருடம் போனது. மூன்றாவது வருடம் எவரும் கேட்கவில்லை.

அவளை மரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற ரகம் என்று நினைத்துவிட வேண்டாம். நஸ்ரின் என்ற டீச்சர் வீட்டுக் கூரைத் தகரத்தின் இடுக்கில் ஒரு அரசங்கன்று முளைத்துச் சுவரில் வேர் இறக்க ஆரம்பித்தது. அவர் கூப்பிட்ட இரண்டு பேரும் ஏணியில் ஏறி, இலையைப் பார்த்ததும் கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டார்கள். வெட்டினால் குடும்பத்துக்கு ஆகாதாம். தன் குடும்பத்துக்கா, அவர்கள் குடும்பத்துக்கா என்று நஸ்ரின் கேட்பதற்குள் வண்டி ஏறிவிட்டார்கள். அமுதவள்ளி ஏறினாள், வேரோடு அலுங்காமல் பிடுங்கினாள், இறங்கினாள். அன்று அவள் சொன்னதை நஸ்ரின் இன்றும் வருகிறவர்களிடம் சொல்லிக் காட்டுவார்.

"எடம் சரியில்லன்னா எடுக்கத்தான் வேணும் டீச்சர். ஆனா வந்ததே தப்புன்னு சொல்லக் கூடாது."

எடுத்ததை எறியவும் மாட்டாள். அந்த அரசங்கன்று மேருவில் ஆற்றங்கரையோரம் இப்போது ஒன்றரை ஆள் உயரம். வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்கிற கன்றெல்லாம் பழைய பெயிண்ட் டின்களில் மண்ணோடு ஏறி அவள் வீட்டுப் பின்புறம் போய்ச் சேரும். எந்த வீட்டிலிருந்து வந்ததோ அந்த வீட்டு எண்ணை மார்க்கரால் டின்னில் எழுதி வைப்பாள். கறிவேப்பிலை, வேம்பு, பப்பாளி, சீத்தா என்று நூறு டின் இருக்கும். யார் கேட்டாலும் கொடுப்பாள். அவள் கணவர் நாகையா போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். பின்கதவைத் திறந்து கால் வைக்க இடமில்லாத போதெல்லாம், நம் வீடு என்ன பெர்மிட் இல்லாதவர்களை அடைத்து வைக்கும் இமிகிரேஷன் டிப்போவா என்று கேட்பார். கேட்டுக்கொண்டே தண்ணீரும் ஊற்றுவார்.

அந்த டின்களில் அதிகம் இருந்த எண் பதினேழு.

பதினேழாம் எண் வீடு யோகநாதனுடையது. எழுபத்தொன்பது வயது. நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், இங்கேயே பிறந்தவர். பேச்சில் மட்டும் யாழ்ப்பாணம் ஒரு சுருதி குறையவில்லை. ஆமாம் என்றோ சரி என்றோ அவர் வாயில் வராது, எதற்கும் ஓம்தான். அவர் தோட்டத்தில் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு அலுமினியத் தகடு உண்டு. அதில் மரத்தின் பெயர், நட்ட தேதி, நட்டவர் என்று மூன்று வரி. தகடு இல்லாத எதுவும் அங்கே நிற்கக் கூடாது. அமுதவள்ளி கயிறு கட்டிவிட்டுப் போனால், மூன்று வாரம் கழித்து அவரிடமிருந்து வருவது ஒரே சொல்தான். வந்தேறி. எடுத்துவிடும்.

அந்தச் சொல் அவளுக்குப் பிடிக்காது. வேறொரு மொழியில் அதே சொல்லை வசையாகப் பள்ளிக்கூடத்து நாட்களில் வாங்கியிருக்கிறாள். அவரும் வாங்கியிருப்பார், மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு டின்னில் பதினேழு என்று எழுதுவாள். மற்றபடி அவர் மேல் அவளுக்கு மரியாதைதான். அந்தத் தெருவில் அவளுக்கு எட்டு வீடுகள் கிடைத்தது அவர் வாக்கால். ஒழுங்கான ஆள் என்று அவர் சொன்னால் அந்தத் தெருவில் மறுபேச்சு இல்லை.

அவர் தோட்டத்தின் முதல் தகடு ஒரு மாமரத்தில் இருந்தது. கறுத்தக்கொழும்பான், யாழ்ப்பாணத்து மாம்பழ வகை. அவர் மனைவி கனகேஸ்வரியின் அப்பா ரயில்வேயில் இருந்தவர். பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் அவர் வீட்டுப் பின்னால் நின்ற மரத்தின் பிள்ளை இது. குவார்ட்டர்ஸை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் யோகநாதன் ஒரு குச்சியை வெட்டி வந்து, தன் கையாலேயே ஒட்டுக் கட்டி வளர்த்தார். அந்த வீடும் போய்விட்டது, அந்த மரமும் போய்விட்டது. கனகேஸ்வரி இதை அப்பாவின் மரம் என்றே சொல்வார். பழம் விழுந்து கொட்டை முளைத்துக் கன்றாகும்போது மட்டும் யோகநாதன் இரக்கப்பட மாட்டார். ஒட்டு இல்லாத கன்றின் குணம் யாருக்குத் தெரியும், தானாக வந்தது தனக்கு வேண்டாம் என்பார். சொந்த மரத்தின் பிள்ளைகளும் அவருக்கு வந்தேறிகளே.

அப்படிப்பட்டவர் தோட்டத்தில் ஒரு செரி மரமும் நின்றது வேடிக்கை. நுனி விரல் அளவு சிவப்புப் பழம் பழுக்குமே, குருவியும் வௌவாலும் ஊரெல்லாம் விதைத்துவிட்டுப் போகுமே, அதே செரி. மூன்று வருடத்துக்கு முன் யோகநாதன் இருதய அறுவைச் சிகிச்சைக்காக இரண்டு மாதம் மருத்துவமனையில் கிடந்தபோது பின்மதில் ஓரம் முளைத்தது. அமுதவள்ளி கயிறு கட்டிவிட்டுக் கேட்டாள். தனியாக இருந்த கனகேஸ்வரி, இருக்கட்டும் பிள்ளை என்று சொல்லிவிட்டார். யோகநாதன் வீடு திரும்பியபோது செரி இடுப்பு உயரம்; அடுத்த வருடம் கூரை உயரம். நிழல் என்னவோ அருமைதான். ஆனால் பழம் காயப்போட்ட துணி மேல் விழும், வௌவால் சுவரில் கழியும், பக்கத்து வீட்டுக் கூரையில் இலை அடைக்கும். தகடு இல்லாமல் நிற்கும் அந்த ஒற்றை மரத்தை மனைவிக்காக இரண்டு வருடம் சகித்தார்.

போன மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை தாங்கள் பிரிக்பீல்ட்ஸ் கோயிலுக்குத் திருவிழாவுக்குப் போவதாகவும், அவள் மெஷின் ரம்பத்தோடு வந்து பின்பக்கத்து மரத்தை எடுத்துவிடவேண்டும் என்றும் சொன்னார். எந்த மரம் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஞாயிறு காலை நாகையாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பின்பக்கம் நின்றவை இரண்டு மரங்கள். போன முறை வந்தபோது மாமரத்தின் ஒரு கிளையில் கறையான் ஏறியிருப்பதை யோகநாதன் காட்டியிருந்தார். அப்படியானால் மாமரம்தான் என்றார் நாகையா. அப்பாவின் மரத்தை எடுக்கச் சொல்வார்களா என்று அவளுக்கு மனம் ஒப்பவில்லை. போன் போட்டாள். அந்தப் பக்கம் மேளமும் நாதஸ்வரமும் காதைப் பிளந்தன.

"அங்கிள், கறையான் ஏறுன மாமரத்தத்தானே எடுக்கணும்?"

"செரி! செரி!"

மேளச் சத்தத்தில் அவ்வளவுதான் கேட்டது. லைன் போய்விட்டது. அமுதவள்ளி ரம்பத்தை இயக்கினாள். ஒரு மணி நேரத்தில் மாமரம் தரையில் கிடந்தது.

பன்னிரண்டு மணிக்குக் கார் வந்து நின்றது. கனகேஸ்வரி பின்கதவைத் திறந்தார், பார்த்தார், அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கையில் பிரசாதத் தட்டு இருந்தது. பின்னால் யோகநாதன் வந்தார்.

"நான் செரி மரத்தை எல்லோ சொன்னனான்."

அப்போதுதான் அமுதவள்ளிக்கு உறைத்தது. அவளும் நாகையாவும் மேருவில் அத்தனை பேரும் சரி என்பதைச் செரி என்றே சொல்வார்கள். மேளத்துக்கு நடுவே எந்த மரம் என்று யாரோ கேட்பதாக நினைத்து அவர் மரத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறார். அவள் காதில் அது சம்மதமாக விழுந்திருக்கிறது.

நாகையா விடவில்லை. அவர் சொன்னதைத்தானே செய்தோம், செரி என்று சொன்னாரா இல்லையா என்று குரலை உயர்த்தினார். அமுதவள்ளி கணவரின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அங்கிள், பன்னெண்டு வருஷமா உங்க வாயில ஓம் தவிர வேற கேட்டதில்ல. செரின்னு வந்தப்பவே நான் நின்னுருக்கணும். நிக்கல. தப்பு என்னோடதுதான்."

யோகநாதன் அவளைப் பார்க்கவே இல்லை. இனி இந்தக் கேட்டைத் திறக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார். இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள், அல்லது ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டியிருப்பார்கள். அமுதவள்ளி விழுந்து கிடந்த மரத்திடம் போனாள். வெட்டி இரண்டு மணி நேரம்தான். இலை இன்னும் துவளவில்லை. ஒன்பது வருடம் ஒட்டுக் கட்டிய கண் அது. எந்தக் குச்சியில் மொட்டு பருத்து வெடிக்கக் காத்திருக்கிறது என்று அதற்குத் தெரியும். ஏழெட்டுக் குச்சிகளை ஒடித்து இலைகளைக் கிள்ளிப் போட்டாள். ஆன்டி, ஒரு ஈரத்துணி கொடுங்கள் என்று கேட்டாள். கனகேஸ்வரி பிரசாதத் தட்டைப் படியில் வைத்தார். எழுந்துபோய்க் கோயிலுக்குக் கொண்டுபோன துண்டையே நனைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். குச்சிகளை அதில் சுற்றி நிழலில் வைத்துவிட்டு அவள் லோரியைக் கிளப்பினாள்.

மேருவுக்குப் போய்த் திரும்ப இரண்டு மணி நேரம் பிடித்தது. அவள் திரும்பி வந்தபோது கேட்டில் பூட்டுத் தொங்கியது. உள்பக்கம் யோகநாதன் நின்றார். அவள் லோரியிலிருந்து நான்கு பெயிண்ட் டின்களை ஒவ்வொன்றாக இறக்கிக் கேட்டுக்கு முன்னால் வரிசையாக வைத்தாள். நான்கிலும் முழங்கால் உயர மாங்கன்றுகள். நான்கிலும் மார்க்கரில் பதினேழு.

"இதென்ன?"

"உங்க வீட்டு வந்தேறிங்க, அங்கிள்."

அவர் டின்னையும் எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். அவராகவே எடுத்துவிடச் சொன்னவை அவை. சொன்ன நாள்கூட அவருக்கு நினைவிருக்கும். அவள் விளக்கினாள். குச்சி அதே மரத்தின் குச்சி. இந்தக் கன்றுகளின் தலையைச் சீவிவிட்டு அதை ஏற்றினால், மேலே வளர்வது அப்பாவின் மரமேதான். கீழே வேர் மட்டும் இவற்றினுடையது. குச்சிக்கு உயிர் இருக்கும்போதே செய்யவேண்டும். நாளைக்கு என்றால் உறுதி சொல்ல முடியாது. அவர் பூட்டைத் திறந்தார்.

பின்படியில் வைத்து வேலையை ஆரம்பித்தாள். யோகநாதன் உள்ளே போய்த் தன் பழைய ஒட்டுக்கத்தியை எடுத்து வந்தார். எடுத்தவர் கை, சிகிச்சைக்குப் பிறகு வந்த நடுக்கத்தில் ஆடியது. ஒரு கணம் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவளிடம் நீட்டினார். அவள் கன்றின் தண்டை நடுவில் பிளந்தாள். குச்சியின் அடியை ஆப்பு மாதிரி இருபுறமும் ஒரே இழுப்பில் சீவினாள். பிளவில் இறக்கித் தோலோடு தோல் சேர்த்து, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கி, மேலே ஐஸ்கிரீம் ஊற்றி உறைய வைக்கும் நீளப் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக் கட்டினாள். நான்கையும் முடிக்க அரை மணி நேரம் ஆகவில்லை. மில்லிமீட்டர் பிசகினாலும் கண்டுபிடிக்கும் சர்வேயர் அவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான்கு ஒட்டையும் குனிந்து பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அப்படி ஒரு கை அது. பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

பைக்குள் குச்சி கறுத்தால் செத்துவிட்டது, பச்சை தெரிந்தால் பிழைத்துவிட்டது. மூன்று வாரத்தில் தெரிந்துவிடும் என்றாள். வழக்கப்படி நான்கு தண்டிலும் சிவப்புக் கயிறு கட்டினாள். கேட் வரை கூடவே வந்த யோகநாதன் அவள் இடுப்பில் மிஞ்சியிருந்த ஒரு கயிற்றை உருவி எடுத்தார். அவளுடைய புல் வெட்டும் மெஷினின் கைப்பிடியில் அதைக் கட்டினார். நடுங்கும் விரலுக்கு முடிச்சு விழச் சற்று நேரம் பிடித்தது.

"உமக்கும் மூண்டு கிழமைதான்."

அவ்வளவு நாளும் கன்றுகளுக்குக் கட்டியவளுக்கு, கட்டப்பட்டால் எப்படி இருக்கும் என்று அந்த மூன்று வாரத்தில் தெரிந்தது. செய்தி தெருவெல்லாம் பரவிவிட்டது. அந்த எட்டு வீட்டில் இரண்டு வீட்டார், கொஞ்ச நாள் கழித்துக் கூப்பிடுகிறோம் என்றார்கள். மற்றவர்கள் பதினேழாம் வீட்டுக்காரர் வாயையே பார்த்திருந்தார்கள். மழை பெய்தால் பைக்குள் தண்ணீர் இறங்கியிருக்குமோ என்று எழுந்து உட்காருவாள். வெயில் அடித்தால் டின் சுட்டிருக்குமோ என்று தவிப்பாள். கனகேஸ்வரிக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும் என்றார் நாகையா. மாட்டேன் என்றுவிட்டாள். பெர்மிட் என்றால் கெடு முடியும் வரை காத்திருக்கத்தான் வேண்டும் என்றாள். மெஷினில் கட்டிய கயிற்றை அவிழ்க்கவும் இல்லை. மற்ற வீடுகளிலெல்லாம் அந்தக் கயிற்றோடுதான் புல் வெட்டினாள். கேட்டவர்களிடம் காரணத்தை ஒளிக்கவும் இல்லை.

மூன்றாவது வார ஞாயிற்றுக்கிழமை பதினேழாம் எண்ணுக்கு முன்னால் லோரியை நிறுத்தியபோது கேட் திறந்து கிடந்தது. யாரையும் காணவில்லை. அவள் பின்பக்கம் போனாள். முதல் இரண்டு டின்களில் குச்சி கறுத்துச் சுருங்கிப்போயிருந்தது. மூன்றாவது பச்சையாக இருந்தது, ஆனால் அசைவில்லை. நான்காவது டின்னைக் காணவில்லை. அவள் நிமிர்ந்தாள்.

மாமரம் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக மண் கொத்தி, நாற்புறமும் அளவெடுத்த மாதிரி குச்சி நட்டு, நடுவே கன்று நின்றது. ஐஸ்கிரீம் பையை எடுத்திருந்தார்கள். குச்சியின் நுனியில் செம்பு நிறத்தில் நான்கு தளிர்கள்; வெயிலில் அவை அப்படிப் பளபளத்தன. அமுதவள்ளிக்குக் கண் கலங்கியது. அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

கனகேஸ்வரி தேநீரோடு வந்தார். பின்னால் யோகநாதன். அவள் எழுந்து நின்று, எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியதைக் கேட்டாள். செரி மரம் மதிலோரம் இன்னும் அப்படியே நின்றது. எடுப்பதா வைப்பதா, இந்த முறை முழுசாகச் சொல்லுங்கள் அங்கிள் என்றாள். அவர் கையைக் காட்டினார். செரியின் அடிமரத்தில் ஒரு சிவப்புக் கயிறு இருந்தது. அந்தக் கோணல் முடிச்சை அவளுக்குத் தெரியும். அதே முடிச்சு அவள் மெஷினிலும் இருந்தது.

"மூண்டு கிழமை கழிச்சுக் கேளும்."

பிறகு அவர் அவளுடைய மெஷினை நிமிர்த்திப் பிடித்து, கைப்பிடியில் தான் கட்டிய முடிச்சை விரலால் நெருடி நெருடி அவிழ்த்தார். அவிழ்த்த கயிற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறு வாரமே தெருவில் தள்ளிப்போட்ட அந்த இரண்டு வீட்டிலிருந்தும் போன் வந்தது.

செரிக்குக் கெடு இன்னும் முடியவில்லை. மூன்று வாரத்துக்கு ஒரு முறை அவள் கேட்கிறாள், மூன்று வாரம் கழித்துக் கேட்கச் சொல்கிறார். இருவரும் சிரிப்பதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, யோகநாதன் உள்ளே போன பிறகு, புல் வெட்டிக்கொண்டே மாங்கன்றுக்குப் பக்கத்தில் வந்தபோது அவள் மெஷினை நிறுத்தினாள். கன்றின் அருகே மண்ணில் ஒரு புது அலுமினியத் தகடு செருகியிருந்தது. ஆணியால் தட்டித் தட்டி எழுதிய எழுத்து, நடுக்கத்தில் கோணியிருந்தது. முதல் வரியில் மரத்தின் பெயர், இரண்டாவதில் தேதி. அந்தத் தோட்டத்துத் தகடு அத்தனையிலும் நட்டவர் என்ற இடத்தில் யோகநாதன் என்றுதான் இருக்கும். இதில் அந்த வரி கொஞ்சம் நீளம்.

ஒட்டு, அமுதவள்ளி. வேர், தானாக வந்தது.

அவள் அதைச் சுற்றி ஒரு சாண் புல்லை விட்டுவிட்டு மற்றதை வெட்டினாள்.